குழந்தைக்கு ஓர் எண்: ஆல்ஃபிரெட் பினேயின் வாழ்வும் அவருடைய அளவுகோலின் கதையும்

மனிதரின் அறிவுக்கு ஓர் எண் உண்டு. சிறிது நேரக் கேள்வி பதிலில் அதைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த எண்ணைக் கொண்டு ஒருவர் எந்த வகுப்பில் படிக்க வேண்டும், எந்த நாட்டுக்குள் நுழையலாம், பிள்ளை பெறலாமா கூடாதா என்பதையெல்லாம் முடிவு செய்துவிடலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கற்றறிந்தோர் பலர் இப்படி நம்பினார்கள். நம்பியதோடு நில்லாமல் சட்டமும் இயற்றினார்கள்; நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. அந்த எண்ணுக்கு மூலமான அளவுகோலை உருவாக்கியவர் ஆல்ஃபிரெட் பினே என்னும் பிரெஞ்சு உளவியலாளர். அறிவு என்பது மாறாத ஓர் அளவு என்ற கருத்தை அவர் வாழும்போதே கண்டித்து எழுதியிருந்தார். அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் அந்தக் கண்டனம் மறக்கப்பட்டது. அளவுகோல் மட்டும் எஞ்சியது.

தகுதி பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது என்ற வாதத்தைக் கல்லூரியிலும் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் நாள்தோறும் எதிர்கொள்கிறோம். ஆகவே பினேயின் வாழ்க்கையை நாம் அறிந்திருப்பது பயனுள்ளது. அவர் புரட்சியாளர் அல்லர். சமத்துவத்துக்காகப் போராடியவர் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மதிப்பெண்ணை எவ்வாறு இடுவது, இட்ட மதிப்பெண்ணிலிருந்து எதை மட்டும் முடிவு செய்யலாம் என்பவற்றைத் தம் சொந்தத் தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டவர் அவர்.

சட்டம் படித்து உளவியலுக்கு வந்தவர்

பினே 1857ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் நீஸ் நகரில் பிறந்தார். அந்நகரம் அப்போது சார்டினியா அரசின் கீழ் இருந்தது. 1860இல்தான் பிரான்சோடு இணைந்தது. தந்தை மருத்துவர், தாய் ஓவியர். பெற்றோர் பிரிந்த பின் தாயிடம் வளர்ந்த பினே, பாரிஸில் புகழ்பெற்ற லூயி-லெ-கிரான் பள்ளியில் படித்தார். 1878இல் சட்டப் பட்டம் பெற்றார். ஆனால் வழக்கறிஞர் தொழிலை மேற்கொள்ளவில்லை. மருத்துவம் படிக்கத் தொடங்கி அதையும் இடையிலேயே விட்டார். பாரிஸ் தேசிய நூலகத்தில் அமர்ந்து தாமாகவே உளவியல் நூல்களைப் படிக்கலானார். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் எழுத்துகள் அவரை ஆட்கொண்டன.

குடும்பத்தில் வசதி இருந்தது. இரண்டு படிப்புகளைக் கைவிட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் நூலகத்தில் அமர்ந்திருக்க அந்த வசதி இடம் கொடுத்தது. இது அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது ஆகாது. ஆனால் தம் வாழ்வின் இறுதியில் அவரே எதிர்கொள்ள நேர்ந்த கேள்வி ஒன்று இதனுள் இருக்கிறது: ஒருவரிடம் வெளிப்படும் திறனில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அவர் பிறந்த வீட்டினுடையது?

1880இல் தொடு உணர்ச்சி பற்றி அவர் வெளியிட்ட முதல் கட்டுரையை ஜோசஃப் டெல்போஃப் என்ற பெல்ஜிய அறிஞர் கடுமையாக விமர்சித்தார். அதே டெல்போஃப் அடுத்த சில ஆண்டுகளில் மீண்டும் அவர் வாழ்வில் குறுக்கிட்டார்.

காந்தம் கற்பித்த பாடம்

1883 வாக்கில் பினே பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் சேர்ந்தார். நரம்பியல் மருத்துவர் ழான்-மார்ட்டின் ஷார்கோ அங்கே பேரரசர் போல விளங்கிய காலம் அது. அறிதுயில் நிலைக்கு ஆட்படுத்தப்பட்ட நோயாளிகளை வைத்து அங்கே சோதனைகள் நடந்தன. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். மருத்துவர்களின் தயவில் வாழ்ந்தவர்கள். பினேயும் அவருடைய நண்பர் சார்ல் ஃபெரேயும் ஒரு வியப்பான முடிவை அறிவித்தார்கள். அறிதுயிலில் இருக்கும் பெண்ணின் வலக்கை செயலற்றிருக்கும்போது ஒரு காந்தத்தை அருகே கொண்டுவந்தால் அந்தச் செயலின்மை இடக்கைக்கு மாறிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது.

டெல்போஃப் நேரில் வந்து பார்த்தார். அதே சில பெண்களே மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டார்கள். என்ன நடக்கப்போகிறது என்பதை மருத்துவர்கள் அவர்கள் காதுபடவே பேசினார்கள். காந்தம் அவர்கள் கண்முன்னாலேயே நகர்த்தப்பட்டது. எதிர்பார்க்கப்பட்டது என்னவென்று அப்பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அதையே அவர்கள் செய்தார்கள். நாடு திரும்பிய டெல்போஃப், எதிர்பார்ப்பு புலப்படாத வகையில் சோதனையை அமைத்தால் காந்தத்தின் ஆற்றல் மறைந்துவிடுகிறது என்று காட்டினார். பினே சில ஆண்டுகள் வாதாடிப் பார்த்தார். பின்னர் தம் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு 1890 வாக்கில் சால்பெட்ரியேரை விட்டு விலகினார்.

கேட்பவர் மேல்நிலையிலும் பதில் சொல்பவர் கீழ்நிலையிலும் இருக்கும் இடத்தில், கேட்பவரின் எதிர்பார்ப்பே பதிலாகத் திரும்பி வரும். காவல் நிலைய வாக்குமூலங்களைப் படித்த எந்த வழக்கறிஞருக்கும் இது புதிதன்று. பினேக்கு அது அவமானத்தின் வழியாகத் தெரியவந்தது. அதன்பின் அவர் அதை மறக்கவில்லை.

மகள்கள், மண்டையோடுகள், ஒரு பொத்தான்

1884இல் பினே, கருவியல் அறிஞர் பால்பியானியின் மகள் லோரைத் திருமணம் செய்திருந்தார். மாதலேன், ஆலிஸ் என்று இரண்டு பெண் குழந்தைகள். மருத்துவமனையை விட்டு வெளியே வந்தவர் வீட்டில் அக்குழந்தைகளைக் கூர்ந்து கவனிக்கலானார். ஒரே வீட்டில், ஒரே உணவு உண்டு வளர்ந்த இருவரும் உலகை வேறுவேறாக அணுகினார்கள். ஒருத்தி ஒரு பொருளில் நிலைத்து நின்றாள். மற்றவளின் மனம் கற்பனையில் அலைந்தது. இருவரில் யார் அறிவாளி என்ற கேள்விக்கே பொருளில்லை என்பதை அவர் கண்டார். இந்த ஆய்வு 1903இல் நூலாக வந்தபோது மகள்களுக்கு மார்கரித், அர்மாந்த் என்று புனைபெயர் இட்டார்.

1891இல் சோர்போன் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1894இல் அதன் இயக்குநரானார். இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். 1895இல் அவரும் ஆன்றி போனியும் தொடங்கிய ஆண்டிதழ் பிரெஞ்சு உளவியலின் முதன்மை இதழாக வளர்ந்தது. ஆனாலும் பிரான்சில் பேராசிரியர் பதவி அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை. கொலேஜ் த பிரான்ஸில் காலியான பேராசிரியர் இடம் 1902இல் பியேர் ழானேக்குச் சென்றது.

அக்காலத்தில் அறிவை அளக்க மண்டையோட்டை அளப்பதே வழக்கமாக இருந்தது. பினேயும் முதலில் அதையே நம்பினார். பள்ளிகளுக்குச் சென்று, ஆசிரியர்கள் கெட்டிக்காரர் என்று காட்டிய மாணவர்களின் தலைகளையும் மந்தமானவர் என்று காட்டிய மாணவர்களின் தலைகளையும் அளந்தார். கிடைத்த வேறுபாடுகள் மிகச் சிறியவை. அந்தச் சிறு வேறுபாடும் குழந்தையின் தலையில் இருக்கிறதா, அளக்கும் தம் கையில் இருக்கிறதா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. கெட்டிக்கார மாணவனின் தலை பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்து அளப்பவர், தாமறியாமலே நல்லெண்ணத்தோடேயே அளவைக் கூட்டிவிடக்கூடும். தம்மைத் தாமே சந்தேகித்து அவர் அதை எழுதியும் வைத்தார். மண்டையோட்டு ஆய்வைக் கைவிட்டார். இனங்களையும் வகுப்புகளையும் மண்டை அளவால் வரிசைப்படுத்திய அறிஞர்கள் நிறைந்திருந்த காலத்தில் இப்படி ஐயுற்றவர்கள் மிகச் சிலரே.

1900இல் வெளிவந்த அவருடைய இன்னொரு நூல் பிறர் சொல்லுக்கு வசப்படும் தன்மையைப் பற்றியது. ஓர் அட்டையில் சில பொருள்களை ஒட்டிக் குழந்தைகளுக்குச் சில நொடிகள் காட்டுவார். அவற்றுள் ஒன்று பொத்தான். அது பசையால் ஒட்டப்பட்டது. பின்பு சிலரிடம் கண்டதை அவர்களே சொல்லும்படி விடுவார். வேறு சிலரிடம் பொத்தானைத் தைத்திருந்த நூலைப் பற்றிக் கேட்பார். இல்லாத நூலைக் குழந்தைகள் விவரிப்பார்கள். கேள்வியின் வடிவமே பதிலை உண்டாக்கிவிடுகிறது என்பது நிறுவப்பட்டது. குழந்தைச் சாட்சிகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று இன்று நீதித்துறை பேசும் பலவற்றுக்கு இந்தச் சோதனை முன்னோடி.

1905இன் முப்பது வினாக்கள்

பிரான்சில் 1882இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அதுவரை பள்ளிவாசலை மிதிக்காத ஏழைகளின் பிள்ளைகள் வகுப்பறைக்குள் வந்தார்கள். சிலருக்குப் பாடம் ஏறவில்லை. அவர்களை என்ன செய்வது என்று ஆராய அரசு 1904இல் ஓர் ஆணையம் அமைத்தது. குழந்தை உளவியல் சங்கம் ஒன்றில் தீவிரமாகச் செயல்பட்டுவந்த பினே அதில் உறுப்பினரானார்.

இங்கே அவர் கண்ட ஆபத்து நாம் நன்கறிந்ததுதான். எந்தக் குழந்தை தனி வகுப்புக்குப் போக வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? ஆசிரியரிடம் விட்டால் தமக்குப் பிடிக்காத, அடங்காத பிள்ளையைத் தள்ளிவிடுவார். மருத்துவரிடம் விட்டால் ஒரே குழந்தைக்கு ஒரு மருத்துவர் ஒரு பெயரும் மற்றொருவர் வேறு பெயரும் வைப்பார். உரிய சோதனையின்றி எந்தக் குழந்தையையும் பொதுப் பள்ளியிலிருந்து பிரிக்கக் கூடாது என்பது பினேயின் நிலைப்பாடு. அதிகாரத்தில் இருப்பவரின் மனப்போக்குக்கு ஒரு கடிவாளமாகவே அவருடைய அளவுகோல் பிறந்தது.

தியோடோர் சிமோன் என்ற இளம் மருத்துவரோடு சேர்ந்து 1905இல் அதை வெளியிட்டார். எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் 30 சிறு பணிகள் அதில் இருந்தன. எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்வது, சாக்லேட்டையும் மரத்துண்டையும் வேறுபடுத்தி அறிவது, மூன்று எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்வது என்று தொடங்கி, அருவமான இரண்டு சொற்களுக்குள்ள வேறுபாட்டை விளக்குவதில் முடிந்தது.

மதிப்பெண் இட்ட முறை

1908இல் வினாக்களை வயதுவாரியாக அடுக்கினார்கள். ஒரு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் செய்யக்கூடிய பணி அந்த வயதுக்குரிய பணி ஆயிற்று. மூன்று வயதுக் குழந்தை மூக்கையும் கண்ணையும் வாயையும் சுட்டிக்காட்ட வேண்டும். ஐந்து வயதில் ஒரு சதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும். எட்டு வயதில் ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உள்ள வேறுபாட்டை நினைவிலிருந்து சொல்ல வேண்டும். ஒரே படத்தை மூன்று வயதுக் குழந்தையிடம் காட்டினால் அதிலுள்ள பொருள்களின் பெயர்களை அடுக்கும். ஏழு வயதுக் குழந்தை நடப்பதை விவரிக்கும். இன்னும் வளர்ந்த பிள்ளை படத்துக்குப் பொருள் சொல்லும். விடை சரியா தவறா என்பதோடு அது எவ்வகை விடை என்பதும் கவனிக்கப்பட்டது.

1911 திருத்தத்தில் பெரும்பாலான வயதுகளுக்கு ஐந்து பணிகள் வீதம் இருந்தன. கணக்கிடும் முறை எளிது. ஒரு சிறுமி ஆறு வயதுக்குரிய எல்லாப் பணிகளையும் முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அது அவளுக்கு அடித்தளம். ஏழு வயதுப் பணிகளில் மூன்றையும் எட்டு வயதுப் பணிகளில் இரண்டையும் முடிக்கிறாள். மேலே முடித்த ஒவ்வொரு பணிக்கும் ஓர் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து பணிகளுக்கு ஓர் ஆண்டு. ஆக அவளுடைய மன நிலை ஏழு வயதுக்குரியது. அவளுக்கு வயது எட்டு என்றால் ஓர் ஆண்டு பின்தங்கியிருக்கிறாள்.

பினே இவ்வளவோடு நிறுத்தினார். ஏழு என்ற அந்த எண் நீளத்தைப் போலவோ எடையைப் போலவோ ஒரு பொருளின் அளவு ஆகாது என்பதை அவர் தெளிவுபடுத்தினார். வெவ்வேறு பணிகளில் தேறி ஒரே எண்ணை அடைந்த இரு குழந்தைகள் ஒன்றுபோன்றவர்கள் அல்லர். ஒருத்தி எண்களை நினைவில் வைப்பதில் தடுமாறியிருப்பாள். மற்றவள் சொற்களை விளக்குவதில். கூட்டுத்தொகை அந்த வேறுபாட்டை மறைத்துவிடும். ஆசிரியருக்கு வேண்டியதோ மறைந்துபோன அந்த வேறுபாடுதான்.

சோதனை நடத்தும் முறையிலும் காந்தப் பாடம் தெரிந்தது. அமைதியான அறை வேண்டும். குழந்தையிடம் கனிவாகப் பேச வேண்டும், அச்சுறுத்தக் கூடாது. ஊக்கம் தரலாம், விடையைக் குறிப்பால் உணர்த்தக் கூடாது. குழந்தை சொன்னதை உள்ளபடி எழுத வேண்டும். வாயடைத்து நிற்கும் குழந்தைக்கு விடை தெரியாது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது.

பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த முடிவுகள்

பினேயின் வினாக்கள் பாரிஸின் உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளின் பள்ளிகளில் பரிசோதிக்கப்பட்டவை. டெக்ரோலி, டெகான் என்ற இருவர் அவற்றை பிரஸ்ஸல்ஸில் ஒரு தனியார் பள்ளியில் பயன்படுத்திப் பார்த்தார்கள். அங்கே படித்தவை வசதியான, படித்த பெற்றோரின் பிள்ளைகள். அக்குழந்தைகள் பாரிஸ் குழந்தைகளைவிடச் சராசரியாக ஒன்றரை ஆண்டு முன்னேறி இருந்தார்கள்.

மேட்டுக்குடிப் பிள்ளைகள் பிறவியிலேயே அறிவாளிகள் என்று முழங்க இது ஒரு வாய்ப்பு. பினே வேறு வழியில் சென்றார். எந்தெந்த வினாக்களில் இடைவெளி அதிகம் என்று பிரித்துப் பார்த்தார். சொற்களைக் கையாளும் வினாக்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மிகவும் முந்தியிருந்தார்கள். வீட்டில் கேட்ட பேச்சும் கிடைத்த பழக்கமும் மதிப்பெண்ணுக்குள் நுழைந்திருப்பதை அவர் விவாதித்தார். வாசிப்பு, எழுத்து போன்று பள்ளிப் படிப்பையே பெரிதும் சார்ந்த வினாக்கள் 1911 திருத்தத்தில் நீக்கப்பட்டன. ஓர் அளவுகோல் எந்தக் குழந்தைகளைக் கொண்டு உருவாக்கப்பட்டதோ, அவர்களோடு ஒத்த சூழலில் வளர்ந்தவர்களை ஒப்பிடும்போதுதான் அதற்குப் பொருள் இருக்கிறது. சூழல் மாறினால் எண் சூழலையும் சேர்த்தே அளக்கிறது.

1909இல் குழந்தைகளைப் பற்றி எழுதிய நூலில், அறிவு கூட்ட முடியாத ஓர் இருப்பு என்ற எண்ணத்தை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். தனி வகுப்புகளில் மனப் பயிற்சிகளை ஏற்பாடு செய்தார். அசையாமல் சிலைபோல் நிற்கும் விளையாட்டு, ஒரு பலகையில் உள்ள பொருள்களைச் சில நொடிகள் பார்த்து நினைவுகூர்வது போன்றவை அவற்றுள் அடங்கும். கவனமும் நினைவும் பழக்கத்தால் வளரும் என்றார். கற்கக் கற்பதே முதல் பாடம் என்றார். குறைந்த மதிப்பெண் அவருக்குக் கற்பித்தலின் தொடக்கமாக இருந்தது.

அவரிடம் குறைகளும் இருந்தன. பின்தங்கிய குழந்தைகளைக் குறிக்க அக்கால மருத்துவத்தின் இழிவான சொற்களையே அவரும் கையாண்டார். ஆறு வயதுக்கான ஒரு வினா, வரையப்பட்ட இரு முகங்களில் அழகானது எது என்று கேட்டது. அழகு எது என்பதை யார் வரையறுத்தார்கள் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. படைவீரர்களைச் சலித்தெடுக்கவும் தம் முறை பயன்படும் என்று 1910இல் சிமோனோடு சேர்ந்து எழுதினார். அந்த விதை வேறொரு நாட்டில் முளைத்தது.

1911 அக்டோபர் 18ஆம் நாள் பாரிஸில் பினே காலமானார். வயது 54.

கடல் கடந்த அளவுகோல்

1912இல் ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை உண்மை வயதால் வகுக்கலாம் என்றார். நான்கு வயதில் ஓர் ஆண்டு பின்தங்குவதும் பன்னிரண்டு வயதில் ஓர் ஆண்டு பின்தங்குவதும் ஒன்றாகா என்பதால் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. 1916இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கி நுண்ணறிவு ஈவு என்று பரப்பினார். மேலே சொன்ன எட்டு வயதுச் சிறுமியின் ஈவு ஏறத்தாழ 88. ஓர் ஆண்டு பின்தங்கியிருக்கிறாள் என்பது, இந்த ஆண்டு அவளுக்கு உதவி தேவை என்று ஆசிரியரிடம் சொல்லும் செய்தி. 88 என்பதோ அவள் நெற்றியில் ஒட்டிய முத்திரை.

பினேயின் அளவுகோலை முதலில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ஹென்றி கோடார்டு, அறிவு பரம்பரையாக வருவது என்று உறுதியாக நம்பியவர். நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில், நீண்ட கடற்பயணத்தால் களைத்து வந்திறங்கிய யூத, இத்தாலிய, ரஷ்ய ஏழைகளில் சிறு குழுக்களை 1913இல் சோதிக்கச் செய்தார். அவர்களில் பெரும்பாலோர் அறிவுக் குறைபாடு உள்ளவர்கள் என்று அறிவித்தார். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குழுச் சோதனைகள் நடந்தன. அந்த எண்களைக் கொண்டு வட ஐரோப்பிய வெள்ளையர் உயர்ந்தோர் என்றும் கறுப்பின மக்கள் தாழ்ந்தோர் என்றும் கார்ல் பிரிகாம் 1923இல் நூல் எழுதினார்.

அடுத்த ஆண்டே அதற்கு மறுப்பு வந்தது. ஹோரஸ் மான் பாண்ட் என்ற பத்தொன்பது வயதுக் கறுப்பின அறிஞர் அதே படைச் சோதனை எண்களை மாநிலவாரியாகப் பிரித்துப் பார்த்தார். இல்லினாய், நியூயார்க், ஒஹாயோ மாநிலங்களின் கறுப்பினத்தவர், மிசிசிப்பி, ஆர்க்கன்சா போன்ற தென்மாநிலங்களின் வெள்ளையரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். எண்கள் அளந்தது பள்ளிக்கூடங்களின் தரத்தை. பினே பிரஸ்ஸல்ஸ் முடிவுகளைப் பிரித்துப் படித்த முறையும் இதுவே. கோடார்டு 1928இலும் பிரிகாம் 1930இலும் தங்கள் முடிவுகளிலிருந்து பின்வாங்கினார்கள். ஆனால் குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய 1924ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குள் நடைமுறைக்கு வந்துவிட்டது.

நீதிமன்றக் கூண்டில் ஓர் எண்

வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற ஏழை இளம்பெண், பினே அளவுகோலின் அமெரிக்க வடிவத்தில் ஒன்பது வயது மனநிலை உடையவள் என்று மதிப்பிடப்பட்டாள். அவள் தாயும் அப்படியே முத்திரை குத்தப்பட்டவள். கேரியின் கைக்குழந்தையும் இயல்பாக இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் சாட்சியம் சொல்லப்பட்டது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. அந்தக் குழந்தை பின்னர்ப் பள்ளியில் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்று, எட்டு வயதில் நோயால் இறந்தது.

1971இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கறுப்பினப் பெற்றோர் தொடுத்த வழக்கு, சோதனை மதிப்பெண்ணை நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்தது. கலிஃபோர்னியா மாணவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே கறுப்பினத்தவர். ஆனால் அறிவுக் குறைபாடு உள்ளோருக்கான தனி வகுப்புகளில் அவர்கள் நான்கில் ஒரு பங்கினர். 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்காம், கறுப்பினக் குழந்தைகளை அவ்வகுப்புகளில் சேர்க்க நுண்ணறிவுச் சோதனைகளைப் பயன்படுத்துவதைத் தடை செய்தார். அடுத்த ஆண்டே சிகாகோவில் மற்றொரு நீதிபதி வினாக்களை ஒவ்வொன்றாகப் படித்து, ஒருசார்பு உடையவை மிகச் சிலவே என்று எதிர்மாறாகத் தீர்ப்பளித்தார். வினாவில் பிழை இருக்கிறதா என்று மட்டும் ஒருவர் பார்த்தார். அந்த எண்ணை வைத்துக் குழந்தைகளுக்கு என்ன செய்யப்பட்டது என்பதை மற்றவர் பார்த்தார்.

2014இல் ஃபிளோரிடா மரண தண்டனைக் கைதி ஒருவரின் வழக்கில் உயிரே ஓர் எண்ணில் தொங்கியது. ஈவு 70க்கு மேல் இருந்தால் அறிவுக் குறைபாட்டுக்கான வேறு சான்றுகளைப் பார்க்கவே தேவையில்லை என்பது அம்மாநிலத்தின் விதி. அவருடைய மதிப்பெண்களில் ஒன்று 71. எந்தச் சோதனையிலும் அளவைப் பிழை உண்டு. ஒரு மதிப்பெண்ணை ஒற்றைப் புள்ளியாகப் படிக்காமல், மேலும் கீழும் சில புள்ளிகள் கொண்ட எல்லையாகவே படிக்க வேண்டும் என்று ஏற்று, உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது.

நம் கையில் அறிக்கை வரும்போது

பினேயின் அளவுகோல் இந்தியாவுக்கும் விரைவிலேயே வந்தது. லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் 1920களில் இந்துஸ்தானி வடிவத்தை உருவாக்கினார். அதன்பின் வி. வி. காமத் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்காக அமெரிக்க வடிவத்தைத் தழுவி ஒரு சோதனையை அமைத்தார். பினே–காமத் சோதனை என்ற பெயரில் அது இன்றும் நம் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் அதன்வழி வரும் உதவிகளும் பல குடும்பங்களுக்குத் தேவை. ஆகவே சோதனையே கூடாது என்று சொல்வது நம் குழந்தைகளுக்கே தீங்காக முடியும். மதிப்பெண்ணைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வதே வழி.

அறிக்கையில் ஓர் எண் வந்தால் பினே கேட்டிருக்கக்கூடியவற்றை நாமும் கேட்கலாம். இந்தச் சோதனையின் சராசரி எந்தக் குழந்தைகளைக் கொண்டு, எந்த ஆண்டில் வகுக்கப்பட்டது? குழந்தையின் வீட்டு மொழியில் கேட்கப்பட்டதா? குழந்தை அன்று பசியோடு இருந்ததா, அஞ்சி நின்றதா? பிழை எல்லை அறிக்கையில் தரப்பட்டிருக்கிறதா? கூட்டுத்தொகையோடு தனித்தனிப் பகுதிகளின் மதிப்பெண்ணும் உண்டா? அன்றாட வாழ்வில் குழந்தை என்னென்ன செய்கிறது என்று பெற்றோரிடம் விசாரித்தார்களா? இறுதியாக, இந்த எண்ணால் குழந்தைக்கு ஏதேனும் கிடைக்கப்போகிறதா, அல்லது ஏதேனும் பறிக்கப்படப்போகிறதா?

நுழைவுத் தேர்வு உளவியல் சோதனை ஆகாது. ஆயினும் அதன் மதிப்பெண்ணைப் படிக்கும் முறைக்கும் இதே கேள்விகள் பொருந்தும். மருத்துவ மேற்படிப்பில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு தொடர்பான நீல் ஆரேலியோ நூனெஸ் வழக்கில், 2022 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டுப் பேசியது. தேர்வு மதிப்பெண்ணில் ஒருவரின் சமூக, பொருளாதார, பண்பாட்டு அனுகூலங்களும் கலந்திருக்கின்றன. தகுதியைச் சமூகச் சூழலில் வைத்தே பார்க்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பிரஸ்ஸல்ஸ் பிள்ளைகளின் ஒன்றரை ஆண்டு முன்னிலையைப் பார்த்து பினே எழுப்பிய கேள்வி, நூறாண்டு கழித்து நம் சட்டத்துக்குள் இவ்வாறு வந்து சேர்ந்தது.

சிமோன் 1961 வரை வாழ்ந்தார். தாங்கள் உருவாக்கிய அளவுகோல் நுண்ணறிவு ஈவாக உருமாறியதை, அதன் நோக்கத்துக்கு இழைக்கப்பட்ட துரோகமாகவே அவர் கருதினார். தனி வகுப்புக்கு அனுப்பப்படவிருந்த ஓர் ஏழைக் குழந்தைக்கு ஆசிரியரின் விருப்பு வெறுப்பிலிருந்து பாதுகாப்புத் தருவதே அந்த நோக்கம். அடுத்தமுறை ஒரு பள்ளியோ மருத்துவமனையோ நீதிமன்றமோ நம் குழந்தையைப் பற்றி ஓர் எண்ணைச் சொல்லும்போது, அந்தப் பாதுகாப்பைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு.